வெள்ளைத் துணியின் மறுமுனை

உண்ணி பொறுக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. அவளுடைய அப்பாவே நம்பவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள், விலங்கியலில் பட்டம் வாங்கியவள், விடிந்ததும் விடியாததுமாகக் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டு புதர்க்காட்டுக்குக் கிளம்பினால் பெற்றவருக்கு எப்படி இருக்கும்? "நாய்க்கு எடுக்கிறத நாட்டுக்கே எடுக்கப் போறியாக்கும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மட்டும் மகள் சுகாதாரத் துறையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்.

சுகாதாரத் துறைதான், பொய்யில்லை. ஆனால் ஒப்பந்த வேலை. ஊருக்கு வெளியே இருந்த மேட்டுச் சரிவிலும் அதைச் சுற்றிய புதர்களிலும் உண்ணி பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பாய் அகலத்துக்கு ஒரு கெட்டியான வெள்ளைத் துணி. அதன் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, புல்லின் தலையைத் தடவியபடி மெதுவாக இழுத்துப் போவார்கள். ஏதோ ஒரு உடம்பு தன்னை உரசிப் போகிறது என்று நினைத்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை துணியைப் புரட்டிப் பார்த்தால் எள்ளைச் சிதறியதுபோல் இருக்கும். எள் நடக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போடுவாள். ஆய்வுக்கூடத்தில் அவற்றை அரைத்து, உள்ளே என்னென்ன பாக்டீரியா குடியிருக்கிறது, அதில் எது நாளைக்கு மனிதனிடம் தாவக்கூடும் என்று பார்ப்பார்கள். படுக்கையில் ஆள் விழுந்த பிறகு ஓடுவதைவிட முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதல்லவா? அதற்காகத்தான் இத்தனை பாடு.

அவளோடு துணி பிடித்த பெண் கல்யாணமாகி வேலையை விட்டுப் போனாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. வாடகை வேன் ஓட்டிவந்த டிரைவர் இரண்டு நாள் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார். மூன்றாம் நாள் அவராகவே இறங்கிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைவிடச் சற்று இளையவர், மனைவியை இழந்தவர், வேன் கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அவள் அவரை அண்ணே என்பாள். அவருக்கு அவள் பாப்பா.

"சினிமாத் திரை மாதிரி இருக்கு. நாம ரெண்டு பேரும் புல்லுக்குப் படம் காட்டிட்டுத் திரியறோம் பாப்பா" என்பார். துணியைப் புரட்டும்போது உண்ணிகளைப் பார்த்து, டிக்கெட் எடுத்தாச்சா என்று விசாரிப்பார். அவர் வந்த பிறகு வெயில்கூட அவ்வளவாக உறைக்கவில்லை.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. வண்டியில் ஏறுமுன் துணி பிடித்த இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முக்கியமாக முதுகு. கடிக்கும்போது உண்ணி வலியே காட்டாது. முன்பு இருந்த பெண்ணும் அவளும் வண்டி மறைவில் சட்டையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே பார்த்துவிடுவார்கள். டிரைவரோடு முதல் நாள், வேனின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் நின்றார்கள். அவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"நீ வீட்ல போய்ப் பாத்துக்க பாப்பா. நானும் பாத்துக்கறேன்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஆய்வு அதிகாரி மாலையில் போன் செய்து கேட்கும்போது, பாத்தாச்சு சார் என்பாள். டிரைவரும் பக்கத்திலிருந்து தலையாட்டுவார். நாளடைவில் அது வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஆண்டு சரிவில் ஏதோ சரியில்லை. போன ஆண்டு தேடித் தேடிப் பிடித்த இடத்தில் இப்போது துணி கறுத்துப்போய் எழுந்தது. சரிவின் அடிவாரம்வரை புதிதாக வீடுகள் வந்துவிட்டிருந்தன. விறகு பொறுக்க வந்த பெண்கள் இவர்களின் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து இளைப்பாறினார்கள். உட்காராதீர்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். டிரைவர் மட்டும், "படம் ஹவுஸ்ஃபுல்லா ஓடுது, எனக்கென்னமோ புடிக்கல" என்று முணுமுணுத்தார்.

பிறகு ஒரு வாரம் சரிவுக்குப் போகும் வேலை இல்லாமல் இருந்தது. மறுபடி கிளம்ப வேண்டிய காலையில் அதிகாரி அழைத்தார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் குரலைத் தாழ்த்தியிருந்தார். மேட்டுச் சரிவு உண்ணிகளில் ஒரு பாக்டீரியா கிடைத்திருக்கிறது, இதுவரை பதிவான எதோடும் பொருந்தவில்லை, ஆனால் காய்ச்சல் உண்டாக்கும் ஒரு பாக்டீரியா குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம் என்றார். மறுபடியும் சோதித்து உறுதி செய்யும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது, வீண் பீதி கிளம்பும் என்றார்.

"மனுசனுக்கு வருமா சார்?"

"அதுதான் தெரியல. இதுவரைக்கும் யாருக்கும் வந்ததா தகவல் இல்ல."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், வேனிலிருந்து வேறொருவர் இறங்கினார். பழைய டிரைவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நாலைந்து நாளாகவே சுடுகிறதாம், மருந்துக்கு அடங்கவில்லையாம். புது டிரைவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள் அவள்.

அன்று மதியம் வார்டில் அவரைப் பார்த்தபோது, வேறு யாருடைய கட்டிலுக்கோ வந்துவிட்டோம் என்று நினைத்தாள். கன்னம் ஒட்டி, கண் செருகி, உதடு வெடித்திருந்தது. டாக்டர் இளம் பெண். களைத்திருந்தாலும் பொறுமையாகப் பேசினாள். வழக்கமான காய்ச்சல்களுக்கெல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் அகப்படவில்லை, சிறுநீரகம் தளரத் தொடங்கியிருக்கிறது என்றாள். என்ன வேலை என்று கேட்டதற்கு டிரைவர் என்றாராம்.

அதிகாரியின் தாழ்ந்த குரல் ஒருமுறை அவள் காதில் வந்து போனது. மூச்சுவிடக் கூடாது என்றவருக்கு இந்தக் கட்டில் தெரியாது.

"வெறும் டிரைவர் இல்ல டாக்டர். என்கூடத் துணி பிடிக்கிறவரு" என்று தொடங்கி, உண்ணி, சரிவு, பெயரில்லாத பாக்டீரியா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "கடிச்ச தடம் இருக்கா? கூடவே போறீங்களே, பாத்திருப்பீங்களே?"

அவள் கட்டிலருகே போய், "அண்ணே, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்றாள்.

அந்தக் காய்ச்சலிலும் அவர் போர்வையை இறுக்கிப் பிடித்தார். "நர்சு யாராவது பாக்கட்டும் பாப்பா."

"உண்ணி பாக்க நான்தான் சம்பளம் வாங்கறேன். திரும்புங்க."

டாக்டரும் கைகொடுத்துப் புரட்டினாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, அவர் கையும் போகாது கண்ணும் போகாது என்கிற இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. டாக்டர் அதைக் கண்ட நொடியிலேயே நர்ஸிடம் மாத்திரை மாற்றச் சொன்னாள். இரத்தமும் பொருக்கும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் சொன்னாள்.

உண்ணி தேடிப் பழகிய அவள் கண் நிற்கவில்லை, கீழே இறங்கிக்கொண்டே போனது. இடுப்புப் பட்டை அழுந்திய வரியில் மச்சம்போல் ஒன்று. குனிந்தாள். மச்சத்துக்குக் கால்கள் இருந்தன. போன வாரத்து உண்ணியாக இருக்க வேண்டும், இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. நர்ஸிடம் இடுக்கியும் குப்பியும் வாங்கி, தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுத்தாள். அது வர மனமில்லாமல் வந்தது. குப்பிக்குள் விழுந்ததும் சுவரில் ஏறத் தொடங்கியது. எத்தனை நாள் அவரோடு வண்டி ஓட்டியது, அவரோடு படுத்து எழுந்தது! சட்டையைத் தூக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை.

வராந்தாவுக்குப் போய் அதிகாரியை அழைத்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. அடிவார வீடுகளில் காய்ச்சல் யாருக்காவது இருக்கிறதா என்று நாளையே பார்க்கச் சொன்னார்.

திரும்பிவந்தபோது அவர் விழித்திருந்தார். முதல் மாத்திரை உள்ளே போயிருந்தது.

"கேக்குமா பாப்பா, இந்த மருந்து?"

"இதோட சொந்தக்காரங்களுக்கெல்லாம் கேக்குது அண்ணே."

"இதுக்கு?"

"தெரியல. இதுக்கு இன்னும் பேரே வைக்கல."

அவர் வெடித்த உதட்டை நக்கிக்கொண்டார். "எம்பேர வெச்சுத் தொலச்சிராதீங்க" என்றார். சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் குளிர் வந்து பிடித்துக்கொண்டது. பல் கிட்டித்து, உடம்பு தூக்கிப் போட்டு, இரும்புக் கட்டில் தரையில் கடகடவென்று ஆடியது. நாளை மாலைவரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் போர்வையை இழுத்துவிட்டு, அவர் தோள்கள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கட்டில் நிற்கவில்லை.