தோற்பதே வேலையாக

ஹார்வுட் மல்யுத்தக் கம்பனியை மூடப்போகிறார்களாம் என்று சலூன்காரர் சொன்னதாக என் மனைவி சிவகௌரி சொன்னாள். அது 1989. அந்தக் கம்பனிக்காக முகமூடி போட்டு மோதியவர், வால்தம்ஸ்டோவில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த தில்லையம்பலம்.

"உண்மையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"மூடாமல் என்ன செய்யிறது? முதலாளியின்ரை தம்பிக்கு அம்பத்தாறு வயசு. வயிறு முதல் வரும், ஆள் பிறகு வரும். ஆனா ஒவ்வொரு சனியும் அவர்தான் வெல்லவேணும். நான் பெலமாத் தள்ளினா விழுந்திடுவார் எண்டு, அவரைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டே தோக்கிறன். சனத்துக்குத் தெரியாதே? எல்லாம் மற்ற மல்யுத்தக் கம்பனி அல்பாவுக்குப் போயிட்டுதுகள். அங்கை ஆர் வெல்லுவினம் எண்டு போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

அல்பா அவரையும் கூப்பிட்டிருந்தது. பதில் கேட்டு அன்று மாலை ஆறு மணிக்கு போன் பண்ணுவார்கள். ஆனால் அவருடைய விசா ஹார்வுட் முதலாளி கொடுத்த வேலைக் கடிதத்தில்தான் நின்றது. விலகினால் கடிதம் இல்லை. கம்பனி மூடினாலும் இல்லை.

"அல்பாக்காரர் கடிதம் தருவினமோ எண்டு கேளுங்கோவன்."

"கேக்கலாம். ஏலாது எண்டு சொல்லிப்போட்டா?"

ஆறு மணிக்கு போன் அடித்தது. அவர் ரிசீவரின் மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.