இடி வெட்டினால் பிடுங்குகிற ப்ளக்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் போலவே வீட்டிலிருந்ததும் லினக்ஸில்தான் ஓடியது. அதை எப்படி நிறுத்துவது என்று ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் கேட்டார்கள். திறந்ததைச் சேமித்து மூட வேண்டும், ஷட் டவுன் கொடுக்க வேண்டும், அதன் விளக்கு அணையும்வரை ப்ளக்கில் கையை வைக்கக்கூடாது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பீற்றலை ஒரு வாரம் வீடே தாங்கியது.

ஆனால் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். ஐப்பசியாகிய துலா மாதத்து மத்தியானங்களில் இடி உருட்டத் தொடங்கினால் எங்கள் பகுதியான ஸ்ரீவராகத்தில் வீட்டுக்கு வீடு ப்ளக்கைப் பிடுங்குவார்கள். எங்கள் வீட்டில் அது என் வேலை. அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்.

அந்தத் துலா மாதம் அம்மா இல்லை. போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அப்பாவின் போனில் எனக்காகப் பேசிப் பதிவு செய்திருந்தாள். நான் அழுவேன் என்று அப்பா அதைப் போட்டுக் காட்டவே இல்லை. போன் அடிக்கடி செத்துப் பிழைக்க ஆரம்பித்ததும் பயந்துபோய், ஒரு மத்தியானம் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். நகல் எடுத்திருந்தால் இரண்டு இடத்திலும் இருந்திருக்கும். பாவம், பதற்றத்தில் போனிலிருந்து வெட்டி இங்கே ஒட்டிவிட்டார். ஒட்டி முடித்த கையோடு மழையும் வந்துவிட்டது.

"துணியெல்லாம் நனையறது, எடுத்துண்டு வந்துடறேன். அப்பறம் ரெண்டு பேரும் கேக்கலாம், கேட்டியோ" என்று மொட்டைமாடிக்கு ஓடினார்.

ஜன்னல் அதிர ஒரு இடி விழுந்தது. அம்மாவின் குரலுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று, டிவியையும் ஃப்ரிட்ஜையும் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் ப்ளக்கைத்தான் முதலில் பிடுங்கினேன்.

மழை விட்டதும் அப்பா அதை மறுபடி இயக்கினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. இந்தப் பிழையைச் சரிசெய்யட்டுமா, அந்தப் பிழையைச் சரிசெய்யட்டுமா என்று அது கேட்கக் கேட்க, அப்பா ஆமாம் ஆமாம் என்று தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கோப்பு கிடைத்தது. அவர் வைத்த பெயர் அப்படியே இருந்தது; உள்ளே ஒன்றுமில்லை. ரீபூட் செய்து பார்த்தார். இன்னொரு முறையும் செய்தார்.

"யாருடி பிடுங்கச் சொன்னா?"

"அம்மாதான்ப்பா. இடி வெட்டினா உடனே பிடுங்கணும்னு சொல்லியிருக்காளே."

திட்டுவார் என்று நின்றேன். அவர் ஈரத் துணிகளைக் கொடியில் போடப் போய்விட்டார். போட்ட துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் இடித்தது. அப்பா தானே ஷட் டவுன் கொடுத்து, விளக்கு அணையும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்த அறையிலிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"இப்போ பிடுங்கு. அம்மா சொன்னபடி."

ப்ளக் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இதற்குப் போய் என்னை எழுப்ப வேண்டுமா, இந்த அப்பாவுக்கு எத்தனை சோம்பேறித்தனம் என்று நினைத்தபடி பிடுங்கினேன்.