நாக்கில் வைக்காத வசம்பு

எங்கள் ஓடையோரச் சேற்றில் வசம்பு வளர்கிறது. ஒரு தடவை நட்டதோடு சரி; பிடுங்கியது போக மிஞ்சிய துண்டுகளே மறுபடி தழைத்துவிடும். பார்க்கக் கோரை மாதிரிதான் இருக்கும், கசக்கினால்தான் வாசனை. முழங்கால் சேற்றில் இறங்கிக் கிழங்கெடுப்பதும், காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவதும் நான்தான். அதனால் வசம்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மூத்தவள் பிறந்தபோது என் மாமியார் வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து அவள் நாக்கில் தடவினார். வயிறு உப்பாது, பேச்சுத் திருத்தமாக வரும் என்று எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அன்று குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டுபோனாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஏறிய பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி முடிப்பதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை. நல்லவேளை, பிழைத்தாள். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இனிமே நாக்குல எதையும் வைக்காதீங்க" என்றார்.

பிறகு இளையவன் பிறந்தான். விளக்கு வைத்ததும் மாமியார் உரைகல்லோடு வந்தார். நான் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"வசம்பு வேண்டாங்க அத்தை."

அவர் திகைத்து நின்றுவிட்டார். விளக்கு வைத்தபின் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்வார்கள். நான் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"ஏங்கண்ணு, ஊருக்கெல்லாம் விக்கறே. உம் புள்ளைக்கு மட்டும் ஆவாதா?"

சுருக்கென்றது. நியாயமான கேள்வி.

"வளையலாக் கோத்துக் கையில கட்டுங்க, வேண்டாங்கல. வாய்க்குள்ள போவக் கூடாது. சந்தையிலயும் இனி அப்படிச் சொல்லித்தான் விப்பேன்."

சொன்னபடியே விற்றேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

ஆனால் இளையவனுக்குப் பேச்சு வரவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் வாயாடிக்கொண்டிருக்க, இவன் விரலை நீட்டி 'ம்' என்பதோடு சரி. காது நன்றாகக் கேட்கிறது, பேசுவான் என்று டாக்டரம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "அம்மாக்காரி புடிவாதம், புள்ள ஊமையாயிருச்சு" என்று ஊரில் என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் பயம்தான். இரவில் அழுதிருக்கிறேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. துவண்டு கிடந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனது அவர்கள் இல்லை, நான்.

ஒருநாள் மத்தியானம் ஓடையிலிருந்து சேற்றுக்காலோடு ஏறி வந்தேன். வாசலில் மாமியார் தேனில் குழைத்த வசம்பை விரலில் எடுத்து அவன் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். நான் கத்துவதற்குள் அவன் முகத்தைத் திருப்பி, அவர் கையைத் தட்டிவிட்டான்.

"வேணாம்!"

மணி மணியாக வந்தது. அவன் பேசிய முதல் வார்த்தை.

மாமியார் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியே உன்னைய உரிச்சு வெச்சிருக்குது."

"ஆமாங்க அத்தை" என்றேன்.