நடு வட்டம்

நானும் அவளும் பெருநகர் கிராமத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது உத்திரமேரூரில் கம்பெனி பஸ் ஏறிப் போய், ஒரே லைனில் நின்று வயர் கோக்கிறோம். லைன் லீடர் வேலை காலியானதும் இரண்டு பேருமே கேட்டிருந்தோம். லீடருக்கு நைட் ஷிப்ட் கிடையாது. எனக்கு அது போதும். நான் நைட் போகிற வாரமெல்லாம் என் மகள் பக்கத்து வீட்டில் அழுதுகொண்டே தூங்குகிறாள்.

லீடர் ஆக, குணத்தைப் பார்க்கும் டெஸ்ட் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோதும் வைத்தார்கள். 'பிரச்சினை வந்தால் முன்னால் நிற்பேன்' என்பது போன்ற வரிகள். ஆம், இல்லை என்று இரண்டே பதில். பட்பட்டென்று போட்டுவிட்டு வந்தேன்.

இந்த முறை காலையில் பஸ்ஸிலேயே அவள் காதைக் கடித்தாள்.

"விசாரிச்சிட்டேன்டி. இந்தத் தபா கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வட்டம் வருமாம், 'சுத்தமா இல்ல'ல இருந்து 'முழுக்க ஆமா' வரைக்கும். நடுவுல கீற வட்டத்த மட்டும் தொடு. கடைசில தொட்டா இன்னா திமிருன்னு நெனச்சிக்குவாங்க."

நம்பினேன். எங்கள் பக்கத்தில் களம் கொள்ளாமல் நெல் குவிந்திருந்தாலும், விளைச்சல் எப்படி என்றால் "ஏதோ கீது" என்றுதான் சொல்வார்கள். நல்லா இருக்கு என்று வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும். அப்படி வளர்ந்த எனக்கு நடு வட்டம்தான் மரியாதையாகத் தெரிந்தது. அதே பழைய வரிகள்தான் வந்தன. எல்லாவற்றுக்கும் நடுவிலேயே தொட்டேன்.

வேலை அவளுக்குப் போனது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"போன டெஸ்ட்ல துணிச்சலானவங்கன்னு வந்திருக்கு. இப்ப எதுலயும் முடிவெடுக்காதவங்கன்னு வருது. நடுவுல என்னம்மா ஆச்சு? உங்க ஃப்ரெண்ட் எல்லாத்துக்கும் முழுக்க ஆமான்னு போட்டிருக்காங்களே."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை சார், வட்டம்தான் கூடிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நேரே அவளைத் தேடிப் போனேன்.

கேன்டீனில் தட்டோடு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "என்னை நடுவுல தொடச் சொல்லிட்டு நீ கடைசில தொட்டியா?"

தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "நீ உள்ளத உள்ளபடி தொட்டிருந்தா உனக்குத்தான்டி கெடச்சிருக்கும். எனக்குத் தெரியாதா உன்ன? அதான் அப்பிடி சொன்னேன்."

இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் தெரிந்துகொண்டது இதற்குத்தானா? பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

லீடரானதும் அவள்தான் ஷிப்ட் பிரித்தாள். என் மகள் எங்கே தூங்குகிறாள் என்பது தெரிந்தும், முதல் வாரமே எனக்கு நைட் போட்டிருந்தாள்.