கேட்காமல் எழுதிய விளக்கம்

எழுபதுகளின் நடுவில் ஆறு வருடம் கம்பத்தில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டின் அலுவலகத்தில் ரைட்டராக இருந்தேன். எஸ்டேட் மலைக்கு மேலே, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். முதலாளி கோயம்புத்தூரில். காலையில் காய் எடுக்கப் போகும் பெண்களைப் பட்டியல்படி ஜீப்பில் ஏற்றி அனுப்புவதும், அன்றன்று நடந்ததை முதலாளிக்கு ஆங்கிலத்தில் எழுதுவதும் என் வேலை. முதலாளிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் கடிதம் ஆங்கிலத்தில்தான் வர வேண்டும். தமிழில் எழுதினால் கதை படிப்பது மாதிரி இருக்கிறது என்பார்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை நான் பார்த்ததில்லை. அவருடைய கடிதங்களின் கார்பன் நகல்கள் மூன்று ஃபைல் நிறைய அலமாரியில் இருந்தன. சேர்ந்த முதல் மழைக்காலத்தில் அவற்றை ஒன்று விடாமல் படித்தேன். எனக்குத் தெரியாது என்று அவர் ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. தெரியாத இடங்களில் எல்லாம் ‘ஐ பிரிஸ்யூம்’ என்று தொடங்கியிருந்தார். இல்லாவிட்டால் ‘ஐ டேக் இட் தட்’, ‘அப்பேரன்ட்லி’, ‘மஸ்ட் ஹேவ்’. எல்லாமே ஊகம்தான். ஆனால் படிக்கிறவருக்கு விசாரித்து அறிந்தது போல இருக்கும்.

அவற்றை ஒரு நோட்டில் வரிசைப்படுத்தி எழுதி வைத்துக்கொண்டேன். அடியில் ‘பெர்ஹாப்ஸ்’. அதற்கு மேல் ‘ப்ராபப்ளி’. உச்சியில் ‘நோ டவுட்’. சந்தேகமே இல்லை என்று அதற்கு அர்த்தம். நகல்களை ஒத்துப் பார்த்தால், அவருக்குச் சந்தேகம் இருந்த இடங்களில்தான் அதைப் போட்டிருந்தார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை டைரியில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

நம் பேச்சிலும் ஊகம் உண்டு. வந்திருப்பான் என்கிறோம், வந்திருப்பான் போல என்கிறோம், வந்தானாம் என்கிறோம். ஆனால் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ‘அவன் குடிச்சிருப்பான்’ என்று ஒருவர் சொன்னால், ‘நீதான் ஊத்திக் குடுத்தியாக்கும்?’ என்று அடுத்த நிமிஷம் ஒரு குரல் வரும். கடிதத்தில் அந்தக் குரல் வராது. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்களை மலைக்கு அனுப்பக் கூடாது, தெரிந்த அன்றே பெயரை அடித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. மலையில் ஏதாவது ஆனால் எஸ்டேட்டுக்குத் தலைவலி. பெயரை அடித்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வேலை கிடையாது. அதனால் பெண்கள் மறைத்தார்கள். மேலே ஆண் சட்டை, அதற்கு மேல் மழைக்குப் போர்த்தும் படுதா, இடுப்பில் காய் போடும் பை. ஏழு மாதம் வரைகூட வெளியே தெரியாது. தெரிந்தபோது நான் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இரண்டு பருவத்தில் பதினொரு பெயர்கள்.

ஒரு திங்கட்கிழமை ஜீப் ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பியது. ஏழரைக்குள் எஸ்டேட்டில் இருக்க வேண்டிய வண்டி பத்தே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மேலிருந்த சூப்பர்வைசர் முதலாளிக்குச் சொல்லிவிட்டார். மதியம் கோயம்புத்தூரிலிருந்து எனக்கு போன். காய் பழுத்து உதிர்கிற நேரத்தில் மூன்று மணி நேரம் எங்கே போனது, எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்.

டிரைவர் அனுமந்தன்பட்டிக்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சாயங்காலம் இறங்கி வந்ததும் அலுவலக வாசலில் வைத்துக் கேட்டேன்.

“எஞ்சின் சூடாயிருச்சு ரைட்டர் சார். தண்ணி ஊத்தி, ஆறவிட்டு எடுத்தேன்.”

“மூணு மணி நேரமா?”

“மலை ஏத்தமாச்சே.”

என் முகத்தைப் பார்க்காமல் பானெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பின்னால் இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் வழக்கமாகப் போடும் சத்தம் எதுவும் போடாமல் நடந்தார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. அது வரைக்கும் சரி. உண்மை என்ன என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் டைப்ரைட்டரில் தாளைச் சொருகினேன்.

எல்லை தாண்டியதும் சாலையோரம் ஒரு கள்ளுக்கடை இருந்தது. நம் பக்கத்து டிரைவர்கள் அங்கே நிறுத்துவார்கள் என்று ஸ்டாண்டில் பேச்சு. அவர் அங்கே நின்றதை நான் பார்த்ததில்லை, பார்த்ததாக ஒருவரும் சொன்னதும் இல்லை. எழுதினேன். டிரைவர் சொல்லும் எஞ்சின் கோளாறு ‘அப்பேரன்ட்லி’ பிற்பாடு யோசித்துச் சொன்னது. எல்லைக்கு அப்பால் கள்ளுக்கடையில் அவர் நின்றதாக ‘ஐ பிரிஸ்யூம்’. இது முதல் தடவையாக இருக்காது, ‘நோ டவுட்’. மொத்தம் ஏழு வரி. மூன்று முறை படித்துப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. பழைய ஃபைலில் உள்ள கடிதங்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று தோன்றியது.

நான்காம் நாள் பதில் வந்தது. டிரைவரை நிறுத்திவிடு, வேறு ஆள் பார். இரண்டே வரி. அதில் ஊகம் எதுவும் இல்லை.

சொன்னபோது டிரைவர் உடனே போகவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்னன்னு போட்டிருக்காக?”

“வழியில கள்ளுக்கடையில நின்னதா முதலாளி நினைக்கிறாரு.”

“எஞ்சின் சூடுன்னுதான நான் சொன்னேன்? கள்ளுக்கடை எங்கேருந்து வந்துச்சு?”

அவர் சிரித்தார்.

“கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டே மொதலாளி மோந்து பாத்தாகளோ? பலே மூக்குதான். ஏன் சார், நீங்க என்ன எழுதுனீக? அதை வாசிங்க, கேப்போம்.”

நகல் என் கைக்குக் கீழேதான் இருந்தது. எடுத்து வாசித்தேன். வண்டி தாமதமாகப் போனது, டிரைவர் எஞ்சின் கோளாறு என்கிறார், முடிவு முதலாளி கையில். ஏழு வரியை மூன்று வரியாக, நானே அந்த இடத்தில் உண்டாக்கி, தாளைப் பார்த்தபடியே தமிழில் சொன்னேன். விரல் அந்தந்த வரியில் ஓடவும் செய்தது.

“சரியாத்தான எழுதியிருக்கீக. உங்க மேல குத்தமில்ல” என்றார். சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, பெண்களில் மூத்தவள் ஒருத்தி பட்டியல் விஷயமாக வந்தாள். புது டிரைவர் கண்டபடி ஓட்டுகிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தவள், நான் நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள்.

“அந்த மனுசனைப் போயி நிப்பாட்டிட்டீகளே.”

“கள்ளுக்கடையில நின்னா?”

“எந்தக் கள்ளுக்கடை? ஆத்தாடி! எட்டாவது வளைவுல ஒரு பிள்ளைக்கு வலி வந்துருச்சு. ஏழு மாசம். வண்டியத் திருப்பி அவளாச்சும் பொழைக்கணும்னு கம்பத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேத்தாரு. நாங்க பத்துப் பேரும் கூட வந்தோம். அவளைப் படுக்க வச்சிட்டுத்தான் மறுபடி ஏறுனோம். மேல கேட்டவுகளுக்கு அவ அன்னைக்கு வரலன்னு சொல்லிட்டோம்.”

“பிள்ளை?”

“தக்கல. தாய் தப்பிச்சா.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா கோடு போடுவீக. அவ பேரை மட்டுமா? மறைச்சோம்னு எங்க பேரையும் போடுவீக. அதான் அவருகிட்ட சத்தியம் வாங்குனோம்.” பிறகு குரலைத் தணித்து, “இப்பவும் எழுதிராதீக சார். அடுத்த மாசம் அவ வேலைக்கு வரணும்” என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டதால்தான் நான் முதலாளிக்கு எழுதவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் வேலையைக் காப்பாற்றினேன் என்று டைரியில்கூட ஒரு வரி இருக்கிறது. அது உண்மையில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியிருக்கவில்லை. கள்ளுக்கடை என் ஊகம், நான் விசாரிக்கவில்லை, அது தவறு. இவ்வளவு எழுதியிருந்தால் போதும். அன்று சாயங்காலம் தாளைச் சொருகி உட்கார்ந்தேன். ‘ஐ’ என்று அடித்தேன். அதற்குப் பிறகு என் நோட்டில் இருந்த எந்தச் சொல்லும் உதவவில்லை. ‘இட் நவ் அப்பியர்ஸ்’ என்று மாற்றி அடித்துப் பார்த்தேன். இப்போது தெரியவருகிறதாம். யாருக்கு, யாரிடமிருந்து, எதுவும் இல்லை. அந்த நிலையிலும் அப்படித்தான் வந்தது. தாளை உருவிக் கிழித்தேன். இன்னொரு தாள் சொருகவில்லை.

அவர் எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குடித்துவிட்டு ஓட்டுகிற டிரைவர் என்று ஸ்டாண்டில் பெயராகிவிட்டது. கடைசியில் ஒரு வாழைக்காய் மண்டியில் தார் ஏற்றப் போனார்.

நான் தேனிக்கு வேறு வேலைக்கு வந்து பல வருடம் ஆன பிறகு, போன பங்குனியில் உத்தமபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்து, ஒரு தோள் இறங்கியிருந்தது. அவர்தான் முதலில் கூப்பிட்டார்.

“ரைட்டர் சார்! சௌக்கியமா இருக்கீகளா?”

டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். பழைய ஜீப்பின் கியரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். எஸ்டேட் பேச்சு வந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் கையைத் தொட்டார்.

“அப்ப உங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்திருக்கும். எனக்காக ரெண்டு வரி எழுதியும் பாத்திருப்பீக. மொதலாளி கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீக, பாவம்.”

பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.