அரைக்காதி

எங்கள் ஆட்டை ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்பதுதான் எங்கள் ஒழுங்கையைக் காப்பாற்றியது. இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன். அந்த ஆட்டை வீட்டுக்கு வீடு இழுத்துக்கொண்டு ஓடியது நான்தானே!

அப்போது எனக்கு ஒன்பது வயது; எங்கள் ஊரில் பெண் பிள்ளையையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்முனையில் முஸ்லிம் ஆக்களின் கடைத்தெருவைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்குகிற ஒடுங்கிய தெருதான் எங்கள் ஒழுங்கை. அதில் மாதா கோயிலுக்குப் போகிற வீடுகள் மூன்றுதான்: எங்கள் வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு, குறுக்குத் தெருவைத் தாண்டினால் மாமி வீடு.

அந்த வருஷம் நல்லாயன் ஞாயிறன்று ஃபாதர் வைத்த பிரசங்கம் பெரிய பிரசங்கம். நல்ல ஆயன் ஒவ்வோர் ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான், தொலைந்துபோன ஒன்றுக்காக மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போவான், கோயில் பங்கில் ஒரு வீடு பசியோடு கிடந்தால் அந்தப் படலையைத் தட்டுகிறவன்தான் ஆயன் என்றார். கோயிலில் எல்லோருக்கும் கண் கலங்கியது. பங்குச் சபைத் தலைவருக்கு மட்டும் ஒரு யோசனை வந்தது. ஏழை வீடுகளுக்கு வீட்டுக்கோர் ஆடு கொடுப்பது! 'நல்லாயன் திட்டம்' என்று பேர்கூட வைத்துவிட்டார். கடற்கரை மணலில் ஆடு எதைத் தின்னும் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

பெரியம்மாவின் ஆடு ஷொப்பிங் பேக்கைத் தின்று செத்துப்போனது. மாமா கடலோடு போனபிறகு மாமி மீன் விற்றுப் பிழைக்கிறவர். அவர் ஆட்டைப் பார்த்தார், ஆடு அவரைப் பார்த்தது, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின கிழமை அதைப் பின்தெரு ஹாஜியாருக்கு விற்றுவிட்டு ஐஸ் போட்டு மீன் வைக்க ஒரு றெஜிபோம் பெட்டியும், அதைக் கட்டிக்கொண்டு போக ஒரு பழைய சைக்கிளும் வாங்கிவிட்டார். ஹாஜியார் எங்கள் ஆட்டையும் பார்க்க வந்தார். அது முழுக் கறுப்பு, இடது காது மட்டும் வெள்ளை. அந்தக் காதிலும் பாதியை நாய் கொண்டுபோயிருந்தது. "குறையுள்ள உருப்படி குர்பானுக்கு அறுக்க ஆகாது, புள்ள," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஆறுதலுக்கு ஒரு வாழைப்பழத்தை ஆட்டின் வாயில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதன் பேர் அரைக்காதி.

மாரி மழை தொடங்கப் போகிற சமயத்தில் தலைவர் கோயிலில் அறிவித்தல் வாசித்தார். திட்டத்தின் இரண்டாம் கட்டம் கூரைத் தகரம். ஃபாதரும் அவரும் வீடு வீடாக வந்து ஆட்டைப் பார்ப்பார்கள். ஆடு இல்லாத வீட்டுக்குத் தகரமும் இல்லை. மாமியின் கூரையோ உக்கிப்போன தென்னோலைக் கிடுகு. போன மாரியில் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சோறு வடித்தவர் அவர்.

பூசை முடிந்து வந்ததும் கிணற்றடியில் மாநாடு கூடியது.

"ஃபாதரிட்ட உள்ளதைச் சொன்னா என்னகா?" என்றார் பெரியம்மா.

"ஃபாதரிட்டச் சொல்லலாம். தலைவரிட்ட ஆரு சொல்லுற?" என்றார் மாமி.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மனே, பள்ளிக்கூட ஓட்டத்தில நீ எத்தினையாம் ஆள்?"

"ரெண்டாம் ஆள்."

"காணும், அது போதும்."

அம்மாவின் திட்டம் எனக்குப் புரிந்தது: ஒரே ஆடு, மூன்று வீடு. ஆனால் பயம் வேறோர் இடத்தில். நல்லாயனுக்கு ஒவ்வோர் ஆடும் தெரியும் என்று ஃபாதரே சொல்லியிருக்கிறாரே! அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஃபாதர் மோசமான ஆயனாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் உருக்கமாக மன்றாடினேன்.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஃபாதர் அரைக்காதியைத் தடவி, "காதுக்கு என்ன நடந்த?" என்று கேட்டார்.

"நாய் கடிச்ச ஃபாதர்," என்றார் அம்மா. உடனே விறாந்தையில் இருத்திக் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டித் தேநீரைக் கையில் கொடுத்தார். அது ஆறுகிற நேரத்துக்குள் நான் ஆட்டை வேலியில் இருந்த ஓட்டைக்குள்ளால் பெரியம்மாவிடம் தள்ளிவிட்டேன். அவர்கள் வருவதற்குள் பெரியம்மா அந்தக் காதில் மஞ்சள் பூசித் துணியால் கட்டிவிட்டார்.

"இதுக்கும் காதிலயா?" என்றார் ஃபாதர்.

"நாய்தான் ஃபாதர்."

அங்கேயும் பிளேன்டி. ஃபாதர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்க, நான் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்குத் தெருவுக்குள் பாய்ந்தேன். நடுத்தெருவில் மோட்டார் சைக்கிளில் ஹாஜியார்!

"அதான் வாங்கேலாண்டு செல்லிட்டனே புள்ள, மறுகாவும் ஏன் தூக்கிட்டுத் திரியிறா?"

நான் நிற்காமல் ஓடினேன்.

மாமி சட்டியின் அடிக்கரியை வழித்து அந்த வெள்ளைக் காதைக் கறுப்பாக்கிவிட்டார். பாதிக் காதுதான், ஆனால் இப்போது அது வேறு பாதிக் காது. அவர்கள் படலையைத் திறந்து வந்ததுதான் தாமதம், அரைக்காதி நேரே ஃபாதரிடம் போய் அவர் கைக்குள் தலையை வைத்தது. மூன்றாம் தரம் காண்கிற ஆளை ஆட்டுக்குத் தெரியாதா? ஃபாதர் காதைத் தடவினார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். மாமியின் நகம் என் தோளுக்குள் இறங்கியது.

"இதுக்கும் நாயா?" என்றார் தலைவர்.

"ஓம்," என்றார் மாமி.

"இந்த ஒழுங்கை நாய்களுக்கு இடது காதுதான் விருப்பம்போல," என்றார் ஃபாதர்.

தலைவர் கவலையோடு தலையாட்டினார். "நாய்த்தொல்லையை அடுத்த கூட்டத்தில எடுக்கத்தான் வேணும் ஃபாதர்."

ஃபாதர் கரிக்கையை மெதுவாக வெள்ளை அங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு ஆட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூலையில் இருந்த றெஜிபோம் பெட்டியைப் பார்த்து, "ஐஸ் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று மாமியிடம் கேட்டார்.

"பின்னேரம் வரைக்கும் நிக்கும் ஃபாதர்."

ஃபாதர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வானம் தெரிந்தது. "மூண்டு வீட்டு ஆடும் சுகம்," என்றார் தலைவரிடம். "தகரத்தை இந்த வீட்டில இருந்து தொடங்குவம்." வாசலைத் தாண்டும்போது திரும்பி, "இவளுக்கு முதல்ல தண்ணி வையுங்கோ, கடுமையா ஓடியிருக்கிறாள்," என்றார். ஆட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமி செம்பை என்னிடம் நீட்டினார்.

மழைக்கு முதலே தகரம் வந்து ஏறிவிட்டது. மாமி அடுப்படியில் நின்று, தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திக் கதைத்தார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஒரே ஆட்டை மூன்று தரம் தடவிப் பார்த்தும் பிடிபடாத ஒருவர், பாவம், எப்படி ஆயனாகக் காலம் தள்ளப் போகிறார்? அடுத்த ஞாயிறு, பூசை உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் தனியாகப் போனேன்.

"ஃபாதர், ஆட்டை அடையாளம் பிடிக்கிறது லேசு. கொம்பைப் பாக்கவேணும், மறுகா காதைப் பாக்கவேணும்."

அவர் கையை நிறுத்திவிட்டு மிகக் கவனமாகக் கேட்டார். "காதில கரி பூசியிருந்தா?"

நான் நன்றாக யோசித்தேன். "அப்பிடியெண்டா கொஞ்சம் கஷ்டம்தான் ஃபாதர்."

"கஷ்டம்தான், மனே," என்றார் அவர். பிறகு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. தன் குறை தெரிந்து அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.