ஊட்டியைத் தவிர்த்துக் காதர்பேட்டைக்குப் போனேன்

போன மே மாதம் எங்கள் அலுவலகத்தில் வேன் பிடித்து ஊட்டிக்குப் போனார்கள். நான் போகவில்லை. படகுச் சவாரி, சாக்லேட் கடை, தொழிற்சாலை என்று சொல்லி டீத்தூள் விற்கும் கட்டடம், எல்லாமே வெளியூர்க்காரன் பையைக் காலி செய்கிற இடங்கள் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்கு அது பழகிய பிரசங்கம்தான். உண்மை வேறு. வேனில் எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். விவாகரத்தாகி மூன்று வருடமான நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து, இறங்கிய இடத்திலெல்லாம் அவர்களுக்குப் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சுற்றுலாப் பயணியே எட்டிப் பார்க்காத ஊராக யோசித்துத் திருப்பூரைப் பிடித்தேன். திருச்சியில் காலை 5.15க்குப் பேருந்து. கரூர், காங்கேயம் வழியாக ஏறக்குறைய 170 கிலோமீட்டர், 135 ரூபாய். பத்து மணிக்கு இறங்கி, காதர்பேட்டைக்கு 70 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் போனேன். (வெயில் இல்லையென்றால் நடந்தே போகலாம்.) பர்ச்சேஸா என்று டிரைவர் கேட்டார். சும்மா சுற்றிப் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “இங்க எல்லாரும் சோலியாத்தானுங்க வருவாங்க” என்றார்.

காதர்பேட்டை முழுக்க மொத்த விலைப் பனியன் கடைகள். தமிழிலும் இந்தியிலும் பேரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் நடந்தேன். மூட்டை சுமப்பவர் ஒதுங்கச் சொன்னதைத் தவிர யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளூர் மக்களோடு கலந்து பழகுங்கள் என்று எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன்! கலக்க அவர்களுக்கு நேரம் வேண்டுமே.

அப்போதுதான் ஒரு சின்னக் கடையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் கூப்பிட்டார். “வாங்க சார், உக்காருங்க. எந்தூருக்குங்க சரக்கு?”

“திருச்சி” என்றேன். ஊர்ப் பெயர் உண்மை. சரக்குதான் பொய்.

டீ வந்தது. டி-ஷர்ட் சாம்பிள்களை விரித்துப் போட்டார். நானும் துணியை விரலிடையில் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினேன். அதில் என்ன தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சொந்தமாக ஆறு மெஷின் வைத்துத் தைக்கிறார்களாம். இந்த மாதம் ஒரு ஆர்டர் வராவிட்டால் இரண்டு டெய்லர்களை நிறுத்த வேண்டியிருக்குமாம். அப்போதே எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. ஒருவர் என் முகத்தைப் பார்த்து அவ்வளவு நேரம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

ஒன்றேகாலுக்குத் தன் டிபனில் பாதியை எனக்கு வைத்தார். அரிசி பருப்பு சாதம், மேலே நெய். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். இதற்குள் கணவருக்கு போன் போய்விட்டது. தையல் கூடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டி, புது சாம்பிள்களோடு வியர்த்து வந்து நின்ற அவர், எத்தனை டஜன் போடலாம் என்று கேட்டார்.

நான் வியாபாரி இல்லை, ஊர் பார்க்க வந்தவன் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

அவர் சாம்பிள்களை ஒவ்வொன்றாக மடித்தார். “ரெண்டு மெஷினை ஆப் பண்ணிப்போட்டு வந்தனுங்க” என்றார், குரலை உயர்த்தாமல். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மா, “மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. அப்பவும் டீ குடுத்திருப்பனுங்க” என்றார்.

ஒரு டஜனாவது வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அந்த அம்மா எழுந்து அலமாரிப் பக்கம் போனார். பிறகு, டஜனுக்குக் குறைவாகத் தராத அந்தக் கடையில், ஒரு கட்டைப் பிரித்து இரண்டே இரண்டு எடுத்துக் கொடுத்தார். 260 ரூபாய்.

திரும்பும் பேருந்தில் நினைத்துப் பார்த்தேன். ஊட்டிப் படகுக்காரர் நம்மிடம் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் அது அவர் பிழைப்பு. நாம் வருவோம் என்று தெரிந்தேதான் காத்திருக்கிறார். அங்கே ஏமாந்தால் ஏமாறுவது நாம். இங்கே நான் ஏமாற்றினேன். இனி யாரையும் படகில் ஏறாதே என்று சொல்ல மாட்டேன்.

திருப்பூர் போகிறவர்களுக்கு: காலை பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், பெரும்பாலான கடைகளில் டஜன் கணக்கில்தான் தருவார்கள். பார்க்க வந்தவர் என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நிஜமாகவே ஆர்டர் கொடுக்கிறவர்கள் எனக்கு எழுதினால் அந்தக் கடைக்கு வழி சொல்கிறேன். பேச்சுத் துணைக்குத்தான் என்றால் அவர்களை விட்டுவிட்டு என்னிடம் பேசுங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.